10 கிலோ இடம், 12 வீடுகள்

கேள்வி: மகள் பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில் குடியிருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ள வந்து இரண்டரை மாதம் ஆகிறது. ஆகஸ்ட் கடைசியில் ஊர் திரும்புகிறேன். 12 வீடுகளுக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும். பெட்டியில் 10 கிலோ இடம்தான் மிச்சம், கையில் 150 யூரோ இருக்கிறது. "எல்லாவற்றையும் சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிவிடலாம் அம்மா" என்கிறாள் மகள். பிரான்ஸிலிருந்து வருகிறவள் மளிகைச் சாமானை நீட்டினால் நன்றாக இருக்குமா? என் மாமியாரும் சம்பந்தி வீட்டாரும் முட்டைகூடத் தொடாதவர்கள். எனக்குப் பிரெஞ்சும் தெரியாது. எதை வாங்குவது, எதை விடுவது?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொல்வதே சரி. ஈஃபில் கோபுரச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு போனால் அது எந்த வீட்டிலும் மூன்று நாளைக்கு மேல் வெளியே இருக்காது, மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஒரு பிரெஞ்சுக் குடும்பம் தினமும் சமையல் மேடையில் வைத்துப் புழங்கும் பொருளைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டவர்கள் அதைத் தொட்டு, தின்று, எழுதிப் பார்ப்பார்கள். விலை தெரிந்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். நம் ஊரைப் போலப் பொட்டலத்தின் மேல் விலை அச்சிடும் வழக்கம் அங்கே கிடையாது. விலைச்சீட்டு அலமாரித் தட்டில்தான் ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டில் சின்ன எழுத்தில் ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதும் இருக்கும். எந்த அளவுப் பாக்கெட் லாபம் என்பதை அதை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில் நான் ஒருமுறை தவறிவிட்டேன். பிரான்ஸிலிருந்து முதல்தடவை ஊருக்கு வந்தபோது, வாழ்நாள் முழுதும் சைவமாக இருந்த என் பெரியம்மாவுக்கு மெத்தென்ற பழ மிட்டாய்ப் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தேன். ஆசையாக நான்கைந்து தின்றுவிட்டார். மறுநாள் வீட்டுப் பையன் ஒருவன் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, அதில் பன்றி ஜெலட்டின் இருப்பதாகச் சொன்னான். பெரியம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதனால்தான் அது இன்றுவரை எனக்கு வலிக்கிறது.

பிரெஞ்சு தெரியாவிட்டாலும் நான்கு சொற்களை உங்கள் கண் பழகிக்கொண்டால் போதும். ஜெலட்டினுக்குப் பிரெஞ்சில் ஏறக்குறைய ஆங்கில எழுத்துகள்தான், கடைசியில் ஓர் எழுத்துக் கூடுதலாக நிற்கும். பன்றிக்கறிக்கும் ஆங்கிலச் சொல்தான், கடைசி ‘கே’ மட்டும் ‘சி’ ஆகியிருக்கும். முட்டைக்கான சொல், ‘ஓ’வும் ‘ஈ’யும் ஒன்றாக ஒட்டிய ஓர் எழுத்தில் தொடங்கும். ஆங்கிலத்தில் அப்படி ஓர் எழுத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சட்டென்று கண்ணில் படும். நான்காவதாக வருவது சொல் அல்ல, எண்: ‘ஈ’ எழுத்தை அடுத்து 120 என்று வந்தால், பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம் என்று பொருள். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை ஐரோப்பியச் சட்டப்படி தடித்த எழுத்திலோ வேறு விதமாக எடுத்துக்காட்டியோ அச்சிட வேண்டும். முட்டை, பால், மீன், கடுகு, எள் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஜெலட்டின் அதில் வராது. எனவே தடித்த எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டுப் பாக்கெட்டைக் கூடையில் போட்டுவிடாதீர்கள்.

மாமியாருக்கு நான் சொல்வது ஒரே பொருள்தான். ‘அனீஸ் தெ ஃப்ளாவின்யி’ என்று ஒரு மிட்டாய் இருக்கிறது. பர்கண்டிப் பகுதியில் ஃப்ளாவின்யி என்ற சின்ன ஊரில், பழைய மடாலயக் கட்டடத்தில் செய்கிறார்கள். சோம்புக்கு உறவான அனீஸ் விதை ஒன்றை நடுவில் வைத்து, அதன்மேல் சர்க்கரைப் பாகைச் சுற்றிச் சுற்றிப் பூசுகிறார்கள். பட்டாணி அளவுக்கு வெள்ளை உருண்டையாவதற்குப் பதினைந்து நாள் பிடிக்கிறது. விதை, சர்க்கரை, இயற்கை மணம், அவ்வளவுதான் சேர்மானம். சாப்பாட்டுக்குப் பிறகு சோம்பு மிட்டாய் போட்டுக்கொள்ளும் வீட்டில் இதற்கு விளக்கமே தேவைப்படாது. ரோஜா, மல்லிகை, ஊதாப்பூ என்று பல மணங்களில், படம் போட்ட சின்னத் தகர டப்பாக்களில் வருகிறது. மிட்டாய் தீர்ந்தால் டப்பாவில் குங்குமமோ பாக்கோ வைத்துக்கொள்ளலாம். மோனோப்ரி போன்ற நகரக் கடைகளில் மிட்டாய் வரிசையில் தேடுங்கள், மகளையும் உடன் தேடச் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டுக்கும் இதில் நான்கைந்து டப்பா வாங்கலாம்.

அடுத்தது உப்பு. நாகப்பட்டினத்துக்கு உப்புக் கொண்டுபோவதா, கொல்லன் தெருவில் ஊசி விற்பதா என்று சிரிப்பீர்கள். உங்கள் ஊர்க்காரர்களுக்கு உப்பளம் தெரியும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். பிரான்ஸின் மேற்குக் கடற்கரையில் கெராந்த் என்ற ஊரைச் சுற்றி இன்றும் கையால் உப்பு வாருகிறார்கள். பாத்தியின் அடிக் களிமண்ணோடு ஒட்டி வருவது சாம்பல் நிறக் கல்லுப்பு. வெயிலும் காற்றும் சேர்ந்து அமையும் நாள்களில் நீரின் மேல் ஏடுபோலப் படரும் மெல்லிய படிகத்தைக் கலைக்காமல் வழித்தெடுப்பது வேறு, அதற்கு ‘ஃப்ளேர் தெ செல்’, உப்புப் பூ என்று பெயர். கெராந்த் உப்புக்கு 2012 முதல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு இருக்கிறது. பொட்டலத்தில் நீலமும் மஞ்சளுமான வட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 125 கிராம் டப்பா ஒரு வீட்டுக்குப் போதும். கொடுக்கும்போது, இதைக் குழம்பில் போட்டுக் கரைத்துவிடாதீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள். நறுக்கிய கொய்யா, வெள்ளரி, மாங்காய்க் கீற்று, பொரித்த மீன் என்று தின்னும் நேரத்தில் மேலே தூவுவதற்கான உப்பு இது. பல்லில் நொறுங்கும் அந்தச் சத்தத்துக்குத்தான் விலை. கல்லுப்பை வாங்க வேண்டாம், ஒரு கிலோ பை பெட்டியைத் தின்றுவிடும்.

பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் தின்பண்டம் எதற்கு? நீங்கள் கிளம்பும் ஆகஸ்ட் கடைசிதான் பிரான்ஸில் பள்ளி திறக்கும் பருவம். கார்ஃபூர், லெக்லெர், ஓஷான் போன்ற பெரிய கடைகளில் பல வரிசைகள் முழுக்க நோட்டும் பேனாவுமாக நிறைந்திருக்கும். அங்கே ‘கிளேர்ஃபோந்தேன்’ நோட்டுகளை எடுங்கள். வோஜ் மலைப் பகுதியில் 1858 முதல் இயங்கும் காகித ஆலையின் நோட்டு. தாள் சதுர மீட்டருக்கு 90 கிராம். விரலால் தடவிப் பார்த்தால் பட்டுப்போல் இருக்கும், மைப்பேனாவால் எழுதினாலும் பின்பக்கம் ஊறாது. உள்ளே போட்டிருக்கும் கோடு இன்னும் அழகு. நம் பிள்ளைகள் ஆங்கிலம் பழக நான்கு கோடு நோட்டு வைத்திருப்பதுபோல, பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ‘சேயஸ்’ கோடு. பெரிய கட்டம், அதற்குள் மெல்லிய குறுக்குக் கோடுகள், எந்த எழுத்து எந்தக் கோடு வரை உயர வேண்டும் என்ற ஒழுங்கு. பொந்துவாஸ் ஊர்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் 1892இல் பதிவு செய்த கோடு அது, இன்றும் நாடெங்கும் அதில்தான் எழுதுகிறார்கள். 96 பக்கச் சின்ன நோட்டு 200 கிராமுக்குள்தான் இருக்கும். உருகாது, சிந்தாது, கெட்டுப்போகாது. கூடவே பிக் நான்கு வண்ணப் பேனா ஒன்று. எழுதும் பழக்கமுள்ள பெரியவர்களுக்கும் இதையே கொடுப்பேன். நான் கொண்டுவந்த பொருள்களில், வாங்கிக்கொண்டவர்கள் இன்னும் ஒன்று கிடைக்குமா என்று திரும்பக் கேட்டது இந்த நோட்டைத்தான்.

பிஸ்கட் வரிசையில் நூறு வகை இருக்கும், மலைக்காதீர்கள். ‘லு’ நிறுவனத்தின் பெத்தி பேர் போதும், நாந்த் நகரத்தில் 1886இல் பிறந்த பிஸ்கட் அது. மூலைகளையும் சேர்த்து ஓரத்தில் 52 பல், முகத்தில் 24 துளை. வருஷத்தின் வாரங்களும் நாளின் மணிகளும் என்று சொல்வார்கள். குழந்தைகளிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். அதில் வழக்கமாக முட்டை சேர்ப்பதில்லை, ஆனாலும் அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரான்ஸின் பிரித்தானிப் பகுதியில் செய்யும் தடித்த வெண்ணெய் பிஸ்கட்டுகள் இதைவிடச் சுவை, ஆனால் பெரும்பாலும் முட்டை இருக்கும். அவை முட்டை சாப்பிடும் வீடுகளுக்கு.

‘கிளெமான் ஃபோஜியே’ என்ற பெயரில் பற்பசைக் குழாய்போல 78 கிராம் குழாய் ஒன்று கிடைக்கும். உள்ளே வெனிலா மணக்கும் கஷ்கொட்டை (செஸ்ட்நட்) விழுது. ஆர்தேஷ் பகுதியில் 1885இலிருந்து செய்கிறார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பாகில் மசித்ததுபோல் இருக்கும், சைவம்தான். வயதானவர்களுக்கு வெர்வேன் அல்லது தியேல் மூலிகைத் தேநீர்ப் பைகள் வாங்கலாம். கஃபீன் கிடையாது, பிரெஞ்சுக்காரர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடிப்பார்கள், எடையும் இல்லை.

சமையலில் ஆர்வமுள்ள ஒருவருக்குத் திஜோன் கடுகு விழுது. நாம் கடுகை எண்ணெயில் பொரிய விடுகிறோம், அவர்கள் வறுக்காமல் வினிகரில் அரைக்கிறார்கள். அதனால் காரம் நாக்கில் தங்காமல் நேராக மூக்கில் ஏறும். முழுக் கடுகு தெரிகிற ‘ஆ லான்சியேன்’ வகை நம் வாய்க்குச் சீக்கிரம் பழகும். சூடேறினால் காரம் போய்விடும், அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். சிலவற்றில் வெள்ளை ஒயின் கலந்திருக்கும், பர்கண்டிக் கடுகு என்று முத்திரை பெற்றதில் கட்டாயம் இருக்கும். மது ஆகாத வீட்டுக்குக் கொடுக்கும் முன் மகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கடுகு, கஷ்கொட்டை, ஜாம் எல்லாமே விமானப் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில்தான் சேரும். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டி இருந்தால் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில், ஒவ்வொரு புட்டியையும் ஒரு காலுறைக்குள் நுழைத்துத் துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.

விட வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். சீஸ், வெண்ணெய், பதப்படுத்திய இறைச்சி, டப்பா மத்தி மீன் எதுவும் வேண்டாம். இந்தியச் சுங்கப் படிவத்திலேயே இறைச்சி, மீன், பால் பொருள்களைக் கொண்டுவருகிறீர்களா என்று தனிக் கேள்வி இருக்கிறது. விதைக்கும் செடிக்கும் இன்னொரு கேள்வி. எனவே பேர்பெற்ற புய் பச்சைப் பருப்பையும் விட்டுவிடுங்கள், ஈரம் பட்டால் முளைக்கக்கூடியது அது. பல பிரெஞ்சுச் சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையால் உறைய வைக்கிறார்கள் என்பதும் சைவ வீடுகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல உப்பு வெண்ணெயை மகள் வீட்டிலேயே, அன்று சுட்ட ரொட்டியில் தடவி, கிளம்பும் நாள் வரை சாப்பிடுங்கள். அது பயணம் செய்யக்கூடிய பண்டமே அல்ல. நம் ஊர்ப் பெரிய கடைகளில் கிடைக்கும் நுட்டெல்லாவையும் கட்டம் போட்ட மூடி ஜாமையும் சுமக்க வேண்டாம். சாக்லேட் கட்டாயம் வேண்டுமென்றால் அதிகக் கோகோ உள்ள கறுப்புப் பலகைகளைக் கைப்பையில் எடுத்து வாருங்கள். ஆகஸ்ட் வெயிலில் சென்னையிலிருந்து நாகை வரை கார் டிக்கியில் கிடந்தால் எந்தச் சாக்லேட்டும் தாங்காது.

சோப்பு வாங்க ஆசைப்பட்டால், மர்சேய் சோப்புக் கட்டியில் எண்ணெய் 72 விழுக்காடு என்று பொறித்திருப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், சேர்மானத்தையும் பாருங்கள். ‘சோடியம்’ என்பதை அடுத்து ‘டாலோவேட்’ என்று வந்தால் அது விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டினுடையது.

கடைக்கு இரண்டு முறை போங்கள். முதல்முறை சும்மா பார்க்க, சமையலறைத் தராசில் எடை போட்டுப் பார்க்க ஒன்றிரண்டு மட்டும் வாங்க. ஞாயிறு மதியத்துக்குமேல் பல கடைகள் மூடியிருக்கும், கிளம்புவதற்கு முந்தைய நாள் ஞாயிறாக அமைந்துவிட்டால் கஷ்டம். தள்ளுவண்டிக்கு ஒரு யூரோ நாணயம் வைத்திருங்கள், திரும்ப விட்டால் நாணயம் கிடைத்துவிடும். பில் போடும் இடத்தில் இலவச நெகிழிப் பை எதிர்பார்க்க முடியாது, 2016இல் தடை செய்துவிட்டார்கள். அங்கே விற்கும் கெட்டியான பெரிய மளிகைப் பைகளை வாங்குங்கள். மடித்தால் பெட்டியின் அடியில் விரித்த தாள்போலக் கிடக்கும். ஊரில் சந்தைக்குப் போகும் உங்கள் நாத்தனாருக்கோ தோழிக்கோ அதுவே பரிசு, பல வருஷம் உழைக்கும்.

எடை கூடிப்போய் எதையாவது எடுத்தாக வேண்டுமென்றால் முதலில் கடுகுப் புட்டியை எடுங்கள், நோட்டுகளை அல்ல. மாமியாருக்கான சோம்பு டப்பாவைப் பெட்டியில் வைக்காதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். பெட்டியை அவிழ்க்கும்வரை அவர் காத்திருக்க வேண்டாம்.