வாட்டர் கூலிங் கசிந்த பிறகு கணினி ஆன் ஆகவில்லை. மதர்போர்டு போய்விட்டதா?

அப்படி இப்போதே முடிவுகட்ட வேண்டாம். முதலில் மின்இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். ஆன் ஆகிறதா என்று பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான் பல போர்டுகளைக் கொல்கிறது. மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியையும் கழற்றுங்கள். அதுவும் 3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கூலன்ட் (வாட்டர் கூலிங்கில் ஓடும் திரவம்) மின்சாரம் கடத்தாது என்று பாட்டிலில் போட்டிருக்கும். புதிதாக இருக்கும்வரை அது ஓரளவு சரி. உலோகத்தோடும் தூசியோடும் கலந்தபின் கடத்தும். காய்ந்தாலும் படிவு நிற்கும், அதனால் வெயிலில் வைத்தால் மட்டும் போதாது. கிராபிக்ஸ் கார்டு, ரேம் எல்லாவற்றையும் கழற்றி, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு துடையுங்கள். கிராபிக்ஸ் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட்டின் உட்புறத்தை நன்றாகப் பாருங்கள்; பிராசஸர் மேல் இருக்கும் பம்ப் பிளாக்கிலிருந்து சொட்டும் நீர் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். அப்புறம் ஒன்றிரண்டு நாள் காயவிடுங்கள்.

பவர் சப்ளைக்குள் நீர் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். திறக்கவே கூடாது, உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

பிறகு பிராசஸர், சாதாரண ஏர் கூலர், ஒரே ஒரு ரேம் மட்டும் வைத்து முயலுங்கள். ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கலாம். நன்றாக ஓடினால், மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் பழுது. அநேகமாக கிராபிக்ஸ் கார்டாக இருக்கும்.