குந்தா, பைக்காரா அணைகளை எடுத்துவிட முடியுமா? சட்டம் குறித்த கேள்வி பதில்

நீலகிரியில் மஞ்சூரில் பிறந்தவன் நான். கோவையில் வழக்கறிஞராக இருக்கிறேன், கையில் இருப்பவை பெரும்பாலும் வனம், ஆற்றுநீர் வழக்குகள். எங்கள் மலையில் புதிதாகக் கட்ட நினைக்கும் சில்லஹல்லா நீர்மின் திட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்ததிலிருந்து, 'புதிது வேண்டாம் என்பது சரி, பழைய அணைகளையே எடுத்துவிட்டால் என்ன?' என்று ஊரில் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, அணை மின்வாரியத்துடையது. வாரியமே இடிக்க முடிவெடுத்தால் யார் தடுக்க முடியும்? (எடக்காடு)

பலர் தடுக்க முடியும் தம்பி. அணைதான் வாரியத்துடையது, தண்ணீர் அல்ல. அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 17-ஆவது பதிவு நீரையும் நீர்மின்சக்தியையும் மாநிலத்திடம் கொடுக்கிறது. ஆனால் 'மத்தியப் பட்டியல் 56-க்கு உட்பட்டு' என்று அங்கேயே ஒரு கடிவாளமும் இருக்கிறது. அந்த 56, பல மாநிலங்களில் ஓடும் ஆறுகளைப் பற்றியது. நம் பவானி இங்கே பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய்த் திரும்பி வந்து காவிரியில் சேர்கிறது. அதை உள்ளூர் ஆறு என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த 56-ஐ வைத்துத்தான் நாடாளுமன்றம் 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் எல்லாம் அதற்குள் வருகின்றன. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்குப் பொருந்துபவையும் வரும். கவனிக்க வேண்டிய விஷயம், அந்தச் சட்டத்தில் பராமரிப்புக்கும் ஆய்வுக்கும் அத்தியாயங்கள் உண்டு, அகற்றுவதற்கென்று தனி அத்தியாயம் கிடையாது.

மலையில் அணை இல்லாவிட்டால் கீழே எங்களுக்குத் தண்ணீர் கூடத்தானே வரும்? (சத்தியமங்கலம் விவசாயி)

கூட வரும் ஐயா, ஆனால் வேண்டாத நேரத்தில். அவலாஞ்சி, எமரால்டில் தேங்கும் தண்ணீர் குந்தா பவர் ஹவுஸில் சுழலியைச் சுற்றிவிட்டு, கெத்தையில் மறுபடி, பரளியில் மறுபடி, பில்லூரில் இன்னொரு தடவை என்று படிப்படியாக இறங்கி பவானிசாகருக்கு வருகிறது. ஒரே தண்ணீர்தான் இத்தனை இடத்தில் வேலை செய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் பிடித்து வைத்ததைக் கோடை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பிடித்து வைக்க மேலே எதுவும் இல்லாமல் அப்படி ஒரு மழை இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

சட்டம் இங்கேதான் இறுக்கிப் பிடிக்கும். 1955-இல் பவானிசாகர் வந்ததிலிருந்து கீழ்பவானி பாசனத்தில் சுமார் 2 லட்சம் ஏக்கர் இந்த ஓட்டத்தை நம்பி இருக்கிறது. கோவைக்குக் குடிநீர் பில்லூரிலிருந்தும் போகிறது. குடிநீரை உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதியாக, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவின் கீழ், நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. இவர்களையெல்லாம் கேட்காமல் அரசு ஒரு ஆணை போட்டால், அடுத்த வாரமே உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடுவார்கள். நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும்.

சட்டமன்றத்தில் ஒரு சட்டம் போட்டுவிட்டால்? (குன்னூர்)

முல்லைப் பெரியாறு நினைவிருக்கிறதா? நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளம் உடனே தன் சட்டத்தைத் திருத்தி 136 அடி என்று கட்டுப்படுத்தியது. இறுதித் தீர்ப்பைச் சட்டம் போட்டுக் கவிழ்க்க முடியாது என்று சொல்லி, 2014 மே மாதம் அந்தத் திருத்தத்தையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காவிரிப் படுகையிலும் நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பும் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும் இருக்கின்றன. நம் சட்டமன்றம் அவற்றைத் தாண்டிப் போக முடியாது.

அமெரிக்காவில் அணைகளை உடைக்கிறார்களே சார், நம்மால் ஏன் முடியாது? (உதகை கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி அம்மா. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை 2023, 2024-இல் எடுத்தார்கள். அவை தனியார் மின் நிறுவனத்தின் அணைகள், அந்நாட்டு மத்திய எரிசக்தி ஆணையத்தின் உரிமத்தில் ஓடியவை. அந்த ஊர்ச் சட்டப்படி உரிமத்துக்குக் காலவரம்பு உண்டு. காலம் முடிந்து புதுப்பிக்க வரும்போது மீன், ஆறு, பழங்குடி மக்கள் எல்லோருடைய கேள்வியும் மேசைக்கு வந்துவிடும். எல்வா ஆற்றில் தனியாருக்குச் சொந்தமான இரண்டு அணைகளுக்காக 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. அரசு அவற்றை விலைக்கு வாங்கி, 2011-இல்தான் உடைக்கத் தொடங்கியது.

ஆனால் ஸ்னேக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் நான்கு அணைகள் அரசே கட்டி, ராணுவப் பொறியாளர் படை நடத்துபவை. அவற்றுக்கு உரிமமும் கிடையாது, காலாவதியும் கிடையாது. சால்மன் மீனுக்காகப் பல்லாண்டுகளாக வழக்கு நடக்கிறது, அணைகள் அப்படியே நிற்கின்றன. எடுக்க வேண்டுமானால் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும் என்கிறார்கள். நம் குந்தாவும் பைக்காராவும் ஸ்னேக் வகைதான். இங்கே 2003 மின்சாரச் சட்டம் நீர்மின் திட்டத்தைத் தொடங்கும்போது மத்திய மின்சார ஆணையத்தின் ஒப்புதலைக் கேட்கிறது. முப்பது நாற்பது வருடம் கழித்து 'இது இன்னும் வேண்டுமா?' என்று திரும்பக் கேட்கும் நாள் ஒன்றை அது வைக்கவில்லை. என் வருத்தம் இதில்தான். 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காரா திட்டத்துக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூட வந்து சேராதபடி சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

முக்குர்த்தி அணை தேசியப் பூங்காவை ஒட்டி இருக்கிறதே, காட்டுச் சட்டம் உதவுமா? (கூடலூர்)

உதவவும் செய்யும், தடுக்கவும் செய்யும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 35(6)-ஆவது பிரிவு, பூங்காவுக்குள் வரும் நீரையும் வெளியே போகும் நீரையும் திருப்புவது, நிறுத்துவது, கூட்டுவது எதையும் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. சரணாலயங்களுக்கு 29-ஆவது பிரிவிலும் இதே விதி. அணையை உடைப்பதும் நீரைக் கூட்டுவதுதான். ஆனால் காட்டுயிர்களின் நன்மைக்கு அவசியம் என்றால் அனுமதி தரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஓர் ஆற்றைத் திறந்துவிட அரசு சொல்லக்கூடிய காரணத்தைச் சட்டமே எழுதி வைத்திருக்கும் இடம் இது.

எங்கள் தாத்தாவின் நிலம் அணைக்குள் போனது. அணை போனால் நிலம் திரும்புமா? (எமரால்டு பக்கம்)

மனதுக்குக் கஷ்டமான பதில் ஐயா. முறைப்படி கையகப்படுத்தி, அந்த வேலைக்கே பயன்பட்ட நிலம் அரசுடையது. திருப்பிக் கேட்கும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. காட்டு நிலத்தில் வாழ்ந்து, ஈடாக நிலம் பெறாமல் இடம்பெயர்க்கப்பட்ட பழங்குடிக் குடும்பம் என்றால் நிலைமை வேறு. எடுத்த நிலம் ஐந்து ஆண்டுக்குள் அந்த வேலைக்குப் பயன்படாமல் கிடந்திருந்தால், 2006 வன உரிமைச் சட்டத்தின் 4(8)-ஆவது பிரிவைக் காட்டி கிராம சபையில் மனு கொடுக்கலாம்.

எஸ்டேட்டுக்குள் இருக்கும் சின்னத் தடுப்பணை? (கோத்தகிரி)

உயரம் 10 மீட்டருக்குக் கீழே என்றால் 2021 சட்டம் தொடாது. இருந்தாலும் ஓடை புறம்போக்கில் இருந்தால் வருவாய்த் துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

எடுக்க முடியாது என்றால் நாங்கள் எதைத்தான் கேட்பது? (மசினகுடி)

முதலில் தண்ணீரைக் கேளுங்கள். போன மார்ச்சில் ஓர் அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கி நடந்தேன். பாறைக்கு நடுவே சட்டியளவு தேங்கிய தண்ணீர், அதைச் சுற்றிக் கடமானின் குளம்படிகள், கரைநெடுக வெளுத்துக் காய்ந்த பாசி. அந்தப் படுகையை ஆறு என்று சொல்ல வாய் வரவில்லை. வறண்ட காலச் சராசரி ஓட்டத்தில் 15 முதல் 20 விழுக்காடாவது ஆற்றில் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. அணை நின்றுகொண்டிருக்கும்போதே வாதாடக்கூடிய விஷயம் இது.

அடுத்தது, 2021 சட்டப்படி ஒவ்வொரு அணைக்கும் சுயேச்சையான நிபுணர் குழுவின் விரிவான பாதுகாப்பு மதிப்பீடு வேண்டும். பழைய அணைகளுக்கு முதல் மதிப்பீட்டை, சட்டம் நடைமுறைக்கு வந்த 2021 டிசம்பர் 30-இலிருந்து ஐந்து ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். நம் சட்டத்தில் இல்லாத அந்தப் புதுப்பிக்கும் நாளுக்குக் கிட்டத்தட்ட அருகில் வருவது இது ஒன்றுதான். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு எழுதுங்கள். மொத்தமாகக் கேட்காமல், அணையின் பெயரைப் போட்டு, 'மதிப்பீடு நடந்ததா, எந்தத் தேதியில், அறிக்கையின் நகல் தேவை' என்று மூன்றே வரி. முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன்.