ரத்தத்தில் மயக்க மருந்தை அளப்பது எப்படி?

கேள்வி: ரத்தத்தில் மயக்க மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை கேப்பிலரி எலக்ட்ரோபோரெசிஸ் (மெல்லிய குழாயில் மின்சாரத்தால் பொருள்களைப் பிரிக்கும்) முறையில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: ஆய்வகத்தில் நான் தினமும் செய்கிற வேலை இது. 50 அல்லது 75 மைக்ரோமீட்டர் உள்விட்டம் கொண்ட சிலிக்கா குழாயில் அமிலக் கரைசலை நிரப்பி, இரு முனைகளுக்கும் இடையே 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுப்போம். லிடோகெயின், புபிவகெயின் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் அமிலத்தில் நேர்மின்சுமை பெற்று எதிர்மின்முனையை நோக்கி ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். அதனால் தனித்தனியே வந்து சேரும். வழியில் புறஊதா ஒளி பாய்ச்சி, மருந்து எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை வைத்து அளவைக் குறித்துக்கொள்வோம்.

குழாய்க்குள் போவது சில நானோலிட்டர்தான். ஆனால் ரத்தத்தை அப்படியே செலுத்தக் கூடாது! புரதம் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டால் அடுத்து வரும் அளவுகளை நம்பவே முடியாது. அதனால் பிளாஸ்மாவிலிருந்து (ரத்த அணுக்களை நீக்கிய திரவம்) மருந்தை மட்டும் ஒரு கரைப்பானில் பிரித்தெடுத்து, அந்தக் கரைப்பானை ஆவியாக்கி, மிச்சத்தைச் சில துளி நீரில் கரைப்போம். என் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது. அவசரப்படவே கூடாத கட்டம். குழாய் குறுகலாக இருப்பதால் ஒளி கடக்கும் தூரமும் குறைவு; செறிவூட்டாவிட்டால் சொற்ப மருந்து கருவிக்குத் தெரியாது.

சரி, நரம்பு வழியாகச் செலுத்தும் மயக்க மருந்தான புரோபோஃபால்? அது அமிலக் கரைசலில் மின்சுமை ஏற்காது. சோப்பு போன்ற ஒரு பொருளைக் கரைசலில் சேர்த்தால், அந்தப் பொருளின் நுண்திரள்களோடு புரோபோஃபால் ஒட்டிக்கொண்டு மற்றவற்றிலிருந்து பிரியும்.