கோச் வந்து என்ன செய்வார்?

வணக்கம் சார்,

அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். நான் டெக்சாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பகுதிநேரமாகக் கணிதம் எடுக்கிறேன். ஊரில் பொறியியல் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்தவள்.

எங்கள் கல்லூரிக்கு ஆலோசனை சொல்ல இப்போது வெளியிலிருந்து இரண்டு கோச்சுகள் வருகிறார்கள். ஒருவர் வேறு மாநிலத்தில் கல்லூரித் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் புள்ளிவிவரக்காரர். வந்தால் இரண்டு நாள் கூட்டம். சுவரெல்லாம் யோசனை எழுதிய மஞ்சள் சீட்டு ஒட்டுவோம். ‘மாணவர் வெற்றி’ என்று நூறு தடவை சொல்வார்கள். பிறகு விமானம் ஏறிவிடுவார்கள். போன செமஸ்டர் என் வகுப்பிலிருந்து நின்றுபோன பையனுக்குக் கார் ரிப்பேர். இன்னொரு பெண்ணுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இதற்கெல்லாம் கோச் என்ன செய்வார்? எனக்கு இது நம்மூரில் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்ய நாக் குழு வருவதைப் போலத்தான் தெரிகிறது. என்னைப் போன்ற பகுதிநேர ஆட்கள் இந்தக் கூட்டங்களுக்குப் போவதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

எஸ்., டெக்சாஸ்

அன்புள்ள எஸ்.,

நாக் குழு வரும்போது என்ன நடக்கும் என்று நம் இருவருக்கும் தெரியும். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், கோப்புகளை இரவோடு இரவாகத் தயார் செய்வார்கள். வருகிறவர் கையில் கிரேடு இருக்கிறது, அதனால் அவரிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. கோச்சின் கையில் ஒன்றுமே இல்லை. மதிப்பெண் போட முடியாது, யாரையும் வேலையை விட்டு நீக்க முடியாது, ஒரு விதியைக்கூட மாற்ற முடியாது. அதனாலேயே கல்லூரி ஆட்கள் சில சமயம் அவரிடம் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அதே காரணத்தால்தான் அவர் போன பிறகு பழையபடியே இருந்தும் விடுகிறார்கள்.

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. கம்யூனிட்டி காலேஜ் என்பது அரசு உதவியில் நடக்கும் இரண்டாண்டுக் கல்லூரி. பள்ளிப் படிப்பை முடித்த யாருக்கும் இடம் உண்டு, கட்டணம் குறைவு. 1901இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கியது, இன்று நாடு முழுக்க ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், பிள்ளை பெற்றவர்கள், குடியேறி வந்தவர்கள் என்று எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உள்ளே போனவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்று பல காலம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. சேர்ந்தவர்களின் தலையை எண்ணித்தான் பணம் வந்தது, அதனால் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணினார்கள்.

உயர்கல்விக்காகப் பணம் செலவிடும் லூமினா அறக்கட்டளை 2004இல் ‘அச்சீவிங் த ட்ரீம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். முதல் சுற்றில் ஐந்து மாநிலங்களில் 26 கல்லூரிகள், அதில் டெக்சாஸும் உண்டு. கல்லூரிக்குக் கொஞ்சம் பணம், கூடவே இரண்டு ஆட்கள்: தலைவரோடு பேச ஒரு முன்னாள் தலைவர், எண்களோடு பேச ஒரு புள்ளிவிவரக்காரர். உங்கள் கல்லூரிக்கு வரும் ஜோடி இந்த அச்சில் வார்த்ததுதான்.

அந்த ஜோடியின் வேலை உருப்படியாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் கணித ஆசிரியை என்பதால் ஒரு கணக்காகவே சொல்கிறேன். கல்லூரிக் கணிதத்துக்கு மூன்று படி கீழே, அதாவது அதில் சேருமுன் மூன்று அடிப்படை வகுப்புகளை முடிக்க வேண்டிய இடத்தில், ஒரு மாணவனை உட்கார வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 70 பேர் பாஸ். எந்த ஆசிரியரைக் கேட்டாலும் ‘என் வகுப்பு பரவாயில்லை’ என்பார். பாஸானவர்களில் 80 சதவீதம் பேர் அடுத்த படிக்குப் பதிவு செய்கிறார்கள். அதுவும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 56. இரண்டாம் படி தாண்டினால் 31. மூன்றாம் படி முடித்துக் கல்லூரிக் கணித வகுப்பின் வாசலுக்கு வருகிறவர்கள் சுமார் 18 பேர். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் 82 பேரைக் காணோம்.

70ம் 80ம் நான் போட்ட எண்கள். விடை மட்டும் நிஜத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையம் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் திட்டத்தில் சேர்ந்த 57 கல்லூரிகளின் இரண்டரை லட்சம் மாணவர்களைப் பின்தொடர்ந்தது. மூன்று படி கீழே வைக்கப்பட்டவர்களில் கணிதப் படிகளை முழுக்க ஏறி முடித்தவர்கள் சுமார் 17 சதவீதம். தோற்று வெளியேறியவர்களைவிட, முதல் படிக்கோ அடுத்த படிக்கோ பதிவே செய்யாமல் போனவர்கள்தான் அதிகம். பாஸானவன் ஏன் திரும்பி வரவில்லை என்ற கேள்வி எந்தத் துறையின் கூட்டத்திலும் வராது. அவன் யாருடைய வகுப்பிலும் இல்லையே! வெளியாள் ஒருவர் வந்து மூன்று வகுப்புகளின் பட்டியலையும் ஒரே மேசையில் போட்டுப் பெருக்கிக் காட்ட வேண்டியிருந்தது.

நான் ஒரு கல்லூரியின் தரவு அலுவலகத்தில் இருந்தபோது ஒரு கோச் வந்தார். ஸ்லைடு எதுவும் கொண்டுவரவில்லை. உயரதிகாரிகளை ஆளுக்கொரு கணினி முன் உட்கார வைத்து, நம் கல்லூரியில் நீங்களே மாணவராகச் சேருங்கள் என்றார். துணைத்தலைவர் பாஸ்வேர்டு பக்கத்தைத் தாண்டவில்லை. ஒரு டீன், தான் கையெழுத்திட்ட படிவத்தையே கண்டுபிடிக்க முடியாமல் ரெஜிஸ்ட்ராரைக் கூப்பிட்டார். ரெஜிஸ்ட்ரார் அமைதியாக, ‘அந்தப் படிவம் தாளில்தான் இருக்கிறது, வந்து வாங்க வேண்டும்’ என்றார். அந்த மதியம் போல அந்த அறையில் நான் சிரிப்பு கேட்டதில்லை. அடுத்த செமஸ்டர் அந்தப் படிவம் இல்லை.

ஆனால் உங்கள் சந்தேகத்துக்கும் ஆதாரம் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. முதல் 26 கல்லூரிகளையும் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனமும் அந்தக் கொலம்பியா மையமும் சேர்ந்து மதிப்பிட்டு 2011இல் அறிக்கை தந்தன. ஐந்தில் நான்கு கல்லூரிகளில் எண்களைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் வளர்ந்திருந்தது. மாணவர்களின் தேர்ச்சியோ, பட்டம் பெறுவதோ சராசரியில் ஏறக்குறைய அங்கேயே நின்றது. எழுதி வைத்த திட்டங்கள் ஏராளம், பெரும்பாலானவை சின்னச் சின்னவை. ஒரு துறையில் ஒரு பயிற்சி மையம், முப்பது பேருக்கு ஒரு சிறப்பு வகுப்பு. பத்தாயிரம் பேர் படிக்கும் இடத்தில் முப்பது பேருக்கு நல்லது நடந்தால் சராசரிக்கு அது எப்படித் தெரியும்? உங்கள் மஞ்சள் சீட்டுகளில் பெரும்பாலானவை இந்த ரகமாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

பெரிய மாற்றம் வந்த இடங்களில் எல்லோருக்குமான விதியே மாறியிருந்தது. டென்னசி 2015இல் தன் கம்யூனிட்டி காலேஜ்கள் அனைத்திலும் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டது. மாணவன் நேரே கல்லூரிக் கணிதத்தில் உட்காருவான், அதே செமஸ்டரில் கூடுதல் மணி நேரம் துணை வகுப்பு. முன்பு கீழ்ப்படியில் தொடங்கியவர்களில் ஓராண்டுக்குள் கல்லூரிக் கணிதத்தைத் தாண்டியவர்கள் 12 சதவீதம். மாற்றிய முதல் ஆண்டிலேயே அது 50ஐத் தாண்டியது. உங்கள் மாநிலம் 2017இல் எச்.பி. 2223 என்ற சட்டத்தின் மூலம் இதே வழிக்கு வந்தது. நீங்கள் இன்று எடுப்பதும் அநேகமாக இந்தத் துணை வகுப்போடு சேர்ந்த பாடமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் சட்டமே போதும், கோச் எதற்கு என்று கேட்பீர்கள். எத்தனை சதவீத மாணவர்கள் இந்த முறையில் படிக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லும். துணை வகுப்பைப் பாடத்துக்கு முன் வைப்பதா பின் வைப்பதா, இரண்டையும் ஒரே ஆசிரியர் எடுப்பதா, அந்தக் கூடுதல் மணிக்குப் பகுதிநேர ஆசிரியருக்கு என்ன சம்பளம் என்பதையெல்லாம் சொல்லாது. அங்கேதான் துறைக்குள் சண்டை வரும், அங்கேதான் இதை வேறு ஐந்து கல்லூரிகளில் பார்த்தவர் தேவைப்படுகிறார்.

காருக்கு வருகிறேன். உங்கள் மாநிலத்தின் வடகோடியில் அமரில்லோ கல்லூரி இருக்கிறது. ரஸ்ஸல் லோவரி ஹார்ட் அங்கே தலைவராக இருந்தபோது, படிப்புக்குத் தடை எது என்று மாணவர்களையே கேட்டார்கள். வகுப்பறை விஷயங்கள் வரும் என்று காத்திருந்தால், வந்தவை சாப்பாடு, வாடகை, போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு. கல்லூரிக்குள்ளேயே உதவி மையம், உணவு, அவசரப் பணம் என்று ஏற்பாடு செய்தார்கள், பெரும்பாலான பாடங்களை எட்டு வாரத்துக்குச் சுருக்கினார்கள். பதினாறு வாரப் பாடத்தில் பத்தாம் வாரம் கார் நின்றால் செமஸ்டரே போய்விடும். எட்டு வாரமென்றால் இழப்பு பாதி. சிறந்த கம்யூனிட்டி காலேஜுக்கான ஆஸ்பென் பரிசை 2023இல் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் வேலி கல்லூரியோடு பகிர்ந்துகொண்டது அமரில்லோ. கோச் கார் ரிப்பேர் செய்ய மாட்டார். அவசர உதவிக்கு எத்தனை கையெழுத்து, பணம் கைக்கு வர எத்தனை நாள் என்று தலைவரை எதிரே உட்கார வைத்துக் கேட்கலாம். கேட்கிறாரா என்று பாருங்கள்.

இதில் எனக்கு ஒரு கசப்பு உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ஏசாப் திட்டத்தில் மாணவருக்கு மெட்ரோ கார்டு கொடுத்தார்கள், புத்தகம் கொடுத்தார்கள், அவர் பெயர் தெரிந்த ஒரு அட்வைசரைக் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டபோது மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் 22 சதவீதத்திலிருந்து 40 ஆனார்கள். ஓஹையோவில் மூன்று கல்லூரிகள் அதே முறையை எடுத்துச் செய்தபோதும் அங்கே பட்டம் பெற்றவர்கள் ஏறக்குறைய இரு மடங்கானார்கள். நியூயார்க்கில் மூன்றாண்டுக்கு ஒரு மாணவருக்குக் கூடுதல் செலவு சுமார் 16,300 டாலர். பட்டம் பெற்ற ஒருவருக்கு என்று கணக்கிட்டால் அதுவே சிக்கனம். ஆனால் முதலில் காசை எடுத்து வைக்க வேண்டும். கோச் மலிவு. இருபது அட்வைசர்களை நியமிக்க மனமில்லாத நிர்வாகம் வருடத்துக்குச் சில தடவை ஒரு கோச்சை வரவழைத்துவிட்டு மாற்றம் நடக்கிறது என்று அறிக்கை எழுதலாம். சில இடங்களில் எழுதுகிறார்கள்.

டெக்சாஸில் 2023இல் வந்த எச்.பி. 8 என்ற சட்டம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றுகிறது. இனி கல்லூரிக்கு வரும் மாநிலப் பணம் பெரும்பாலும் சான்றிதழ், பட்டம், பல்கலைக்கழகத்துக்கு மாறுவது ஆகியவற்றைப் பொறுத்தது. உங்கள் தலைவர் கோச்சைக் கவனமாகக் கேட்கிறார் என்றால் இதுவும் ஒரு காரணம். எளிதில் முடியும் சின்னச் சான்றிதழ்களாகக் குவித்துவிடும் ஆசையும் இதோடு வரும்.

கூட்டத்துக்குப் போகலாமா என்றால், போங்கள். சம்பளத்தோடு. அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேரக்காரர்கள். அவர்கள் இல்லாத அறையில் பாடம் நடத்துவதைப் பற்றி எடுத்த முடிவு பாதி வகுப்புகளுக்குப் போய்ச் சேராது. இதைக் கோச்சிடம் சொன்னால், உங்களுக்கு மணிக்கணக்கில் பணம் தரச் சொல்லி அவர் தலைவரிடம் பேசுவார். நல்ல கோச்சுகள் பேசியதைப் பார்த்திருக்கிறேன். பேசாதவர் என்றால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

போகும்போது தோற்றவர்களின் பட்டியலை வீட்டில் வைத்துவிட்டு, உங்கள் வகுப்பில் பாஸாகி அடுத்த செமஸ்டர் காணாமல் போனவர்களின் பட்டியலை எடுத்துப் போங்கள். மஞ்சள் சீட்டு ஒவ்வொன்றுக்கும் ‘இது எத்தனை மாணவர்களைத் தொடும்?’ என்று மட்டும் கேளுங்கள். புள்ளிவிவரக்காரர் உங்கள் பக்கம் வந்து உட்காருவார் என்று நினைக்கிறேன். என்ன நடந்தது என்று பிறகு எழுதுங்கள்.

அன்புடன்.