விளையாடி வரும் பிள்ளை படித்து வருகிறதா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

(ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தில்லித் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விளையாட்டு வழிக் கற்றலைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.)

என் மகன் ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். கோடை விடுமுறை முடிந்து ஜூலையில் பள்ளி திறந்த பிறகும் அவனுடைய நோட்டில் நான்கு பக்கம்கூட நிரம்பவில்லை. கேட்டால், மணலில் விளையாடினோம், மரத்தடியில் கொட்டை பொறுக்கினோம் என்கிறான். எதிர்வீட்டுப் பையன் வேறு பள்ளியில் நூறு வரை எழுதுகிறான். என் மகன் பின்தங்கிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், மயூர் விஹார்

நோட்டு நிரம்புவதை வைத்தே படிப்பை அளந்து பழகிய நமக்கு இந்தப் பயம் வருவது இயல்புதான். ஆனால் உங்கள் மகனின் பள்ளி தன் வேலையைத் தட்டிக்கழிப்பதாக நான் நினைக்கவில்லை. ஒன்றாம் வகுப்பின் முதல் மூன்று மாதங்களை விளையாட்டு வழியாகவே நடத்த வேண்டும் என்பதற்காகத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 'வித்யா பிரவேஷ்' என்ற பாடத்திட்டத்தை 2021இலேயே உருவாக்கியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான ஐந்தாண்டுகளை ஒரே அடித்தள நிலையாகக் கருதுகிறது. அதற்கென 2022 அக்டோபரில் வெளிவந்த கலைத்திட்டச் சட்டகம் விளையாட்டையே அந்த நிலையின் கற்பித்தல் முறையாக வைத்திருக்கிறது. ஆகவே மணலும் கொட்டையும் பாடத்துக்கு நடுவே விடப்பட்ட இடைவேளை அல்ல.

கொட்டை பொறுக்கியதாக மகன் சொன்னதைச் சற்று விரித்துப் பார்க்கலாம். ஜூலையில் தில்லிச் சாலையோரங்களில் நாவல் மரங்கள் பழத்தை உதிர்த்துத் தரையெங்கும் ஊதாக் கறை படிந்து கிடக்கும். அந்த நாள்களில் நான் பார்க்கச் சென்ற ஒரு வகுப்பில், கழுவிக் காயவைத்த நாவல் கொட்டைகளை நடுவில் குவித்துவிட்டு, "ஏழு கொட்டை எடுத்துக்கொண்டு வா" என்று ஆசிரியை ஒவ்வொரு குழந்தையிடமும் சொன்னார். நூறு வரை தங்குதடையின்றிச் சொல்லக்கூடிய ஒரு சிறுமி, இரண்டு கையாலும் அள்ளி எடுத்து வந்து நீட்டினாள். எண்ணிப் பார்க்கச் சொன்னபோது சில கொட்டைகளை இருமுறை தொட்டாள், சிலவற்றைத் தாண்டிப் போனாள். கடைசியாக அவள் சொன்ன எண்தான் மொத்தக் குவியலின் அளவு என்பது அவளுக்கு இன்னும் விளங்கியிருக்கவில்லை. எண்களின் வரிசையை மனப்பாடமாகச் சொல்வதும் எண்ணிக்கையை அறிவதும் வேறு வேறு திறன்கள். இரண்டாவது திறன், பொருளைத் தொட்டு, நகர்த்தி, குறைந்தால் கேட்டு வாங்கி, மிகுந்தால் திருப்பிக் கொடுத்துப் பலமுறை பழகினால்தான் வரும். எதிர்வீட்டுப் பையனிடம் அது இருக்கிறதா இல்லையா என்பதை அவனுடைய நோட்டு உங்களுக்குச் சொல்லாது.

எழுத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆறு வயதில் மணிக்கட்டு எலும்புகளே இன்னும் முழுவளர்ச்சி அடைந்திருப்பதில்லை. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றையும் சேர்த்துப் பென்சிலைப் பிடித்து நெடுநேரம் எழுத வேண்டுமானால், அதற்கு முன் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் உரம் பெற வேண்டும். ஈர மணலைத் தோண்டுவதும், களிமண்ணைப் பிசைந்து உருட்டுவதும், கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் செய்கிற வேலை அதுதான். அதற்கு முன்பே பக்கம் பக்கமாக எழுதவைத்தால் குழந்தை பென்சிலை இறுக்கிப் பிடித்து, விரல் வலித்து, எழுதுவதையே வெறுக்கத் தொடங்குகிறது. இதை நான் பல குழந்தைகளிடம் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

உங்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், அரசின் 'நிபுண் பாரத்' திட்டம் ஒன்றாம் வகுப்பின் முடிவுக்கு வைத்திருக்கும் இலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து எளிய சொற்கள் கொண்ட சிறு வாக்கியங்களைப் படித்தல், 99 வரை எண்களைப் படித்தலும் எழுதுதலும், எளிய கூட்டல் கழித்தல்: இவ்வளவுதான். அதுவும் மார்ச் மாதத்துக்குள். இப்போது நீங்கள் வகுப்பாசிரியையிடம் கேட்க வேண்டியது, 'ஏன் எழுதவைக்கவில்லை' என்பதல்ல. 'இந்த வாரம் என் மகன் விளையாடியபோது அவனிடம் என்ன கவனித்தீர்கள்' என்பதுதான். திட்டமிட்டு விளையாடவைக்கும் ஆசிரியை அதற்கு உடனே, குறிப்பாகப் பதில் சொல்வார். "நன்றாக விளையாடுகிறான்" என்று மட்டும் பதில் வந்தால், அப்போது நீங்கள் கவலைப்படலாம்.

என் பேத்தி இந்தியும் ஆங்கிலமும் பேசும் பள்ளியில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் தமிழில் பேசினால் அவள் குழம்பிவிடுவாள் என்று சிலர் சொல்கிறார்கள். விளையாட்டையாவது தமிழில் வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு பாட்டி, ஜனக்புரி

அவசியம் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சையும் தமிழிலேயே தொடருங்கள். இரண்டு மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்வதனால் குழந்தைகள் குழம்பிப்போவதில்லை. எட்டு வயது வரையிலான கல்வி இயன்றவரை வீட்டு மொழியில் அமைய வேண்டும் என்றே புதிய கலைத்திட்டமும் சொல்கிறது. பள்ளியில் அது கிடைக்காத இடத்தில் நீங்கள்தான் அந்தக் குறையை நிரப்ப முடியும். பல்லாங்குழியை எடுத்து வையுங்கள். குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டை போட்டு, ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போகும்போது அவள் எண்ணுவதும், அடுத்து எந்தக் குழியில் எடுத்தால் லாபம் என்று முன்கூட்டி யோசிப்பதும் கணக்கன்றி வேறென்ன? அவள் தவறாக எண்ணினால் உடனே திருத்தாமல் ஆட்டத்தைத் தொடருங்கள். காய் குறையும்போது அவளே கண்டுபிடிப்பாள்.

தில்லியில் மே மாதம் வெயில், நவம்பரில் புகை. இங்கே வெளிப்புறக் கற்றல் என்பது நடைமுறைக்கு ஒத்துவருமா? குழந்தையின் நுரையீரலைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை.
— ஒரு தந்தை, முனிர்க்கா

பணயம் வைக்கவும் கூடாது. காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டிய நாளில், அது 'மிக மோசம்' என்ற பிரிவில் சேர்ந்துவிடுவதால், சிறு குழந்தைகளை வெளியே ஓடவிடக் கூடாது என்பதே என் கருத்து. காற்றின் தரம் அதைவிடவும் மோசமாகும்போது ஐந்தாம் வகுப்பு வரை வகுப்புகளை இணையவழிக்கும் மாற்றும் ஏற்பாடு தில்லியில் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள நிலையத்தின் அளவைக் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நவம்பரையும் மே மாதத்தையும் காட்டி ஆண்டு முழுவதும் கதவைச் சாத்திவிடுவது பெரிய இழப்பு. இலவ மரங்கள் இலையின்றிச் சிவப்பாகப் பூத்து நிற்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள், ஏப்ரலின் காலை நேரம், மழைக்காலம், மழை ஓய்ந்து குளிர் தொடங்குமுன் வரும் நாள்கள் எல்லாம் இந்த ஊரில் குழந்தைகளுக்காகவே அமைந்தவை. மழை நின்ற அரைமணி நேரத்தில் தேங்கிய நீரில் காகிதக் கப்பல் விட்டு, எது மிதக்கும், எது மூழ்கும் என்று பார்ப்பதற்கு வேறெந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை.

வெளியே போவதற்குக் கண் தொடர்பான ஒரு வலுவான காரணமும் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளின் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளியாயின. பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மற்றப் பள்ளிகள் வழக்கம்போல் நடந்தன. மூன்றாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வெளிப்புற வகுப்பு இருந்த பள்ளிகளில் 30.4 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கும் மற்றவற்றில் 39.5 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கும் கிட்டப்பார்வை வந்திருந்தது. இதில் பெரும்பங்கு வெளிச்சத்துக்கே உரியது என்று கருதப்படுகிறது. மர நிழல்கூட வகுப்பறையைவிடப் பலமடங்கு வெளிச்சமானது. எனவே வெயில் நாளில் வேப்பமர நிழலும் பருத்தித் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் இருந்தால் காலையில் அரைமணி நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

புகை மூடிய வாரங்களில் விளையாட்டை உள்ளே கொண்டுவாருங்கள். விளையாட்டை நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷீட்டைக் கொடுத்துவிடாதீர்கள். தட்டில் கொத்துமல்லி விதைத்து முளை வரும் நாளைக் குறிக்கலாம்.

நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் 42 குழந்தைகள். பள்ளியில் இருப்பது சிமென்ட் போட்ட முற்றமும் ஒரு கொடிக்கம்பமும்தான். நிர்வாகம் நோட்டைப் பார்க்கிறது, பெற்றோரும் நோட்டைப் பார்க்கிறார்கள். இந்த நிலையில் நான் என்ன செய்வது?
— ஓர் ஆசிரியை, ராமகிருஷ்ணபுரம்

உங்கள் கடிதத்தைப் படித்து நெடுநேரம் யோசித்தேன். தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 30 குழந்தைகள் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்லியிருக்க, உங்களிடம் 42 பேர். இந்தச் சுமையோடு விளையாட்டு முறையைக் கேட்டு எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும்.

இடமின்மையைப் பற்றி முதலில் சொல்கிறேன். சிமென்ட் முற்றத்தை ஏழ்மையாக நினைக்காதீர்கள். சாக்பீஸுக்கு அதைவிட நல்ல தளம் கிடையாது. காலை வழிபாடு முடிந்ததும் குழந்தைகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் நிற்க, மற்றவர் அவருடைய பாதத்தைச் சுற்றியும் நிழலைச் சுற்றியும் கோடு போட்டுப் பெயரின் முதல் எழுத்தை எழுதச் சொல்லுங்கள். பதினொரு மணிக்கு அதே பாதக் கோட்டுக்குள் மீண்டும் நிற்கவையுங்கள். நிழல் குறுகியிருக்கும், திசையும் சற்று மாறியிருக்கும். "நீ நகர்ந்துவிட்டாய்" என்று ஒருவர் மற்றவரைக் குற்றம் சாட்டுவார். பாதக் கோட்டைக் காட்டி அவர் மறுப்பார். இந்த வாக்குவாதத்தை அடக்காதீர்கள். காரணம் சொல்லிப் பேசுவது அங்கேதான் தொடங்குகிறது. பிறகு இரண்டு நிழல்களையும் அடிமேல் அடி வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரே நிழலை ஒருவர் எட்டடி என்பார், இன்னொருவர் ஒன்பதடி என்பார்; பாதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவர்களே காரணத்தைக் கண்டறிவார்கள். பொது அளவு ஏன் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பக்கத்திலும் அச்சிட முடியாது. வகுப்புக்குத் திரும்பிய பின் அந்த எண்ணை அவர்கள் நோட்டில் எழுதட்டும். நிர்வாகம் கேட்கும் நோட்டும் நிரம்பிவிடும். அதிலிருக்கும் எண் குழந்தை தானே நடந்து பெற்றதாகவும் இருக்கும்.

42 பேரையும் ஒரே நேரத்தில் வெளியே அழைத்துச் செல்ல வேண்டாம். ஆயாம்மாவின் துணையோடு ஒரு பாதி உள்ளே படம் வரையட்டும், மறு பாதி உங்களோடு வரட்டும். இருபது நிமிடம் போதும். போகும் எல்லையைக் கயிறு கட்டியோ கோடு போட்டோ முன்பே காட்டிவிடுங்கள், திரும்பி வரக் கைதட்டும் தாளம் ஒன்றைப் பழக்கிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் கூச்சலாகவே இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர்ந்து கைவிடுபவர்கள்தான் அதிகம். மூன்றாவது வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வசதிக் குறைவு உள்ள இடங்களிலும் இந்த முறை நம் நாட்டில் வளர்ந்திருக்கிறது. கர்நாடகத்தின் 'நலி கலி' என்ற மகிழ்ந்து கற்கும் முறை 1995இல் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தின் அரசுப் பள்ளிகளில் தொடங்கியதுதான். அதற்கு வெகுகாலம் முன்பே, வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு வந்த கிஜுபாய் பதேகா 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் பாலர் பள்ளியைத் தொடங்கி, கதையும் விளையாட்டுமாகச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். நிர்வாகத்திடம் பேசும்போது இவர்களைச் சொல்லுங்கள். இது வெளிநாட்டுப் புதுமோகம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது.

இன்னொன்று: நாளுக்கு நான்கு குழந்தைகளை மட்டும் தேர்ந்து, அவர்கள் சொன்னதையோ செய்ததையோ ஒரே வரியில், தேதியிட்டு எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் அநேகமாக வகுப்பு முழுவதும் வந்துவிடும். பெற்றோர் கூட்டத்தில் அந்த வரியைப் படித்துக் காட்டுங்கள். தம் பிள்ளை பேசிய வார்த்தையைக் கேட்ட பெற்றோர் நோட்டைத் திருப்பிப் பார்ப்பதைத் தாமே நிறுத்திவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு மகளைச் சேர்க்க வேண்டும். எல்லாப் பள்ளிகளின் விளம்பரத்திலும் 'விளையாட்டு வழிக் கல்வி' என்றே போட்டிருக்கிறார்கள். உண்மையில் எது என்று எப்படி அறிவது?
— ஒரு தந்தை, துவாரகா

பள்ளிக்கு நேரில் போய்ச் சுவரைப் பாருங்கள். முப்பது குழந்தைகள் வரைந்த முப்பது மயில்களும் ஒன்றுபோலவே இருந்தால், அங்கே நடப்பது பார்த்து வரைதல்தானே தவிர விளையாட்டு அல்ல. மணல் தொட்டியைப் பாருங்கள். காலடித் தடமே இல்லாமல் சமமாக நிரவிக் கிடந்தால் அது பார்வையாளருக்காக வைத்தது. முற்பகல் பத்து மணி வாக்கில் ஒரு வகுப்பைப் பத்து நிமிடம் பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கே அதிகம் பேசுவது யார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

புத்தகப் பையையும் வீட்டுப்பாடத்தையும் விசாரியுங்கள். 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பை கொள்கைப்படி ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பை 1.6 முதல் 2.2 கிலோ வரைதான் இருக்கலாம். இரண்டாம் வகுப்பு முடியும்வரை வீட்டுப்பாடமும் கிடையாது. மகளுக்கு ஆறு வயது நிறைவதற்கு முன்பே ஒன்றாம் வகுப்பில் இடம் தருவதாக எந்தப் பள்ளியாவது சொன்னால் அதைச் சலுகையாக எண்ண வேண்டாம். அந்த ஓராண்டு அவளுக்கே உரியது.

சேர்க்கையின்போது குழந்தைக்கு எழுத்துத் தேர்வோ நேர்முகத் தேர்வோ வைத்து வடிகட்டுவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. அப்படியொரு தேர்வை வைக்கும் பள்ளியில், அதன் விளம்பரத்தாளில் எத்தனை ஊஞ்சல் படங்கள் இருந்தாலும், மகளைச் சேர்க்காதீர்கள்.