வெள்ளை நாற்றுக்கு என்சைம் பாட்டில் எதற்கு?

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பெரியாற்றுத் தண்ணீர் வந்ததும் நாற்றுப் பாவினேன். 12 நாளாச்சு. பச்சை நாற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்த நாற்று நிற்கிறது. மருந்துக் கடைக்காரர், 'பச்சையம் உண்டாக்குற என்சைம் பத்தலை, இந்தப் பாட்டிலை அடிங்க' என்கிறார். அடிக்கலாமா?"

வேண்டாம். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் வம்பே.

இலைக்குப் பச்சை தருவது, அதன் செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகம் என்ற நுண்ணுறுப்பு. அதற்கு ஆயிரக்கணக்கில் புரதம் வேண்டும். சொந்த மரபணுவோ நூறு சொச்சம்தான். மீதியெல்லாம் பசுங்கணிகத்துக்கு வெளியே, செல்லில் தயாராகி, தலையில் ஒரு துண்டோடு உள்ளே வருகிறது. நாற்றுமுடியின் கட்டை அவிழ்த்தால்தானே நட முடியும்? அப்படி அந்தத் துண்டை வெட்டி எடுக்க ஒரு என்சைம். வெயிலில் பழுதான புரதத்தை வெட்டி அப்புறப்படுத்த எஃப்டிஎஸ்ஹெச், கிளிப் என்று வேறு சில. இவை பிறவியிலேயே பழுதானால் இலை வெளுக்கும், மஞ்சளிக்கும், திட்டுத்திட்டாகும். உங்கள் நாற்றில் பழுது இதிலா வேறு மரபணுவிலா என்று ஆராய்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எதுவானாலும் விதையோடு வந்த குறை.

பாட்டிலில் நிஜமாகவே என்சைம் இருந்தாலும், இலையின் மெழுகு, செல்சுவர், அப்புறம் பசுங்கணிகத்தின் இரட்டைச் சவ்வு, இத்தனையும் தாண்டி அது போகாது. பப்பாளிப் பாலிலும் புரதம் வெட்டும் என்சைம் உண்டு. அதைத் தெளித்து யாராவது பயிரைப் பச்சையாக்கியிருக்கிறார்களா? இந்த மாதிரிப் பயிர் ஊக்கிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்ததே 2021-இல்தான். அதற்குள் ஊரெல்லாம் பாட்டில்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: இரும்புச் சத்துக் குறை. அங்கங்கே ஒற்றை நாற்று, நரம்பு உட்பட முழு வெள்ளை என்றால் பிறவிக் குறை. மேட்டுப் பக்கம், தண்ணீர் நிற்காத இடத்தில் திட்டாக, புது இலை மட்டும் வெளிறி நரம்பு பச்சையாக இருந்தால் இரும்பு. சந்தேகமா? லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, நாலைந்து இலைக்குத் துணியால் தடவுங்கள். சில நாளில் தடவிய இடம் பச்சை கட்டினால் இரும்புதான். அந்தத் திட்டுக்கு மட்டும் சாயங்காலம் தெளித்து, தண்ணீர் கட்டுங்கள். கரைசலை அன்றன்றைக்கே கலக்குங்கள். செம்பழுப்பாகிவிட்டால் கொட்டிவிடுங்கள். மல்லிகைத் தோட்டத்துக்காரர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். பழைய இலை பச்சையாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், இரும்பு அங்கிருந்து இளம் இலைக்கு நகராது. மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம்தான். என் அனுபவத்தில் அறிக்கை வரும்போது நடவு முடிந்து களையே எடுத்திருப்பார்கள்.

வெள்ளை நாற்று விதையில் இருக்கும் சத்தைத் தின்று தீர்த்ததும் தானே சாகும். நாலைந்து போனால் மகசூல் குறையாது. ஆனால் அதே கதிரில் பிறந்த பச்சை நாற்றுகளிலும் மூன்றுக்கு இரண்டில் இந்தக் குறை மறைந்திருக்கும். அதனால் இந்த வயலில் விதைக்கு எடுத்து வைக்காதீர்கள். சொந்த விதையாக இல்லாமல் சான்று விதை வாங்கியிருந்தால், மூட்டையின் நீல அட்டையையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை விதை வாங்கும்போது "ரசீதெல்லாம் எதுக்குண்ணே" என்று கடைக்காரர் இழுத்தால், விதையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.