பூவைப் பார்க்காதீர்கள், மொக்கைப் பாருங்கள்: விதை உற்பத்திக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், கலப்பின விதை எடுக்கத் தாயாக வைக்கும் ஆண் மலட்டுச் செடிகளைப் பற்றியவை. ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆண் மலட்டுச் செடியில் விளைந்ததைச் சாப்பிட்டால் மனிதருக்கு மலட்டுத்தன்மை வருமா?

வராது. அந்தச் செடியில் மகரந்தத் தூள் உருவாகாது, அவ்வளவுதான். சூலகம் நன்றாகவே இருக்கும். வேறு செடியின் மகரந்தம் வந்து விழுந்தால் காய் பிடிக்கும். தயவுசெய்து இந்தப் பயத்தை நாலு பேருக்கு அனுப்பிவைக்காதீர்கள்.

மரபணு ஆண் மலடும் சைட்டோபிளாச ஆண் மலடும் ஒன்றுதானே?

இல்லை. முதலாவது பெரும்பாலும் செல்லின் உட்கருவில் இருக்கும் ஒரே ஓர் ஒடுங்கு மரபணுவால் (தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது) வருவது. சாதாரண ரகம் எதைத் தகப்பனாக வைத்தாலும் கலப்பினச் செடி மகரந்தம் தரும். அதனால் தகப்பனைத் தேடி அலைய வேண்டாம். இரண்டாவது உட்கருவுக்கு வெளியே, செல்லின் சைட்டோபிளாசத்திலிருந்து தாய்வழியாக வருவது. அதற்கு மகரந்த வளத்தை மீட்கும் தகப்பன் தனியாக வேண்டும். ஆனால் அதில் தாய் வரிசை (விதை வயலில் மகரந்தம் வாங்கி விதை தரும் செடிகளின் வரிசை) முழுவதும் மலடாக வரும். முதலாவதில் பாதிதான் வரும். சங்கடமெல்லாம் அந்தப் பாதியில்தான். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கலப்பினத் துவரை விதை வயலில் தாய் வரிசையில் பாதிச் செடியைப் பிடுங்கச் சொல்கிறார்கள். தினமும் ஆள் விட முடியவில்லை. பூத்த பிறகு மொத்தமாகப் பிடுங்கினால் கூலி மிச்சம்தானே?

கூலி மிச்சமாகும், விதை போய்விடும். எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி வருகிறது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மலட்டுச் செடிக்குச் சொந்த மகரந்தம் கிடையாது. அதன் வம்சத்தைக் காப்பாற்ற, மகரந்தம் தரும் அதன் உடன்பிறப்போடுதான் சேர்க்க வேண்டும். பிறக்கும் நூறு செடியில் ஏறக்குறைய ஐம்பது மலடு, ஐம்பது வளமானது. இலையைப் பார்த்தோ உயரத்தைப் பார்த்தோ பிரிக்க முடியாது.

துவரையில் பூ விரிவதற்கு முந்தைய நாளே, மொக்குக்குள்ளேயே மகரந்தப் பை வெடித்துவிடும். மஞ்சளாகப் பூ விரிந்ததைப் பார்த்து நீங்கள் ஆளைக் கூப்பிடும்போது தேனீ ஏற்கெனவே வந்து போயிருக்கும். வளமான செடியின் மகரந்தத்தைப் பக்கத்து மலட்டுச் செடியில் கொண்டுபோய் வைத்திருக்கும். அதில் விளைவது கலப்பினம் அல்ல, உங்கள் தாய் ரகமேதான். மூட்டையில் போட்ட பிறகு எந்தக் கண்ணாலும் அதைப் பிரிக்க முடியாது.

இருபது வருடத்துக்கு முன் ஒரு வயலில் இதை நேரில் பார்த்தேன். ஊர்த் திருவிழா என்று நாலு நாள் ஆள் வரவில்லை. ஐந்தாம் நாள் எல்லாச் செடியையும் ஒழுங்காகப் பிடுங்கினார்கள். வயல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. விதையை விதைத்துச் சோதித்தபோது கலப்படம் என்று தள்ளிவிட்டார்கள். ஒப்பந்தம் போட்டவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்த விவசாயி அத்தனையையும் பருப்பு விலைக்குப் போட்டார். நாலு நாள் கூலியைவிட அவர் இழந்தது பல மடங்கு.

எனவே முதல் மொக்கு தெரிந்த நாளிலிருந்து தினமும் வரிசைக்குள் நடங்கள். மறுநாள் விரியப்போகிற பருத்த மொக்கு ஒன்றைக் கிள்ளி, இதழை விலக்கி, மகரந்தப் பையை நகத்தால் நசுக்குங்கள். மஞ்சள் தூள் ஒட்டினால் செடியை வேரோடு பிடுங்குங்கள். பை வெளுத்து, ஒளி ஊடுருவுகிற மாதிரி தெரிந்து, தூளே வராவிட்டால் மலடு. அதற்குக் கயிறு கட்டுங்கள். சந்தேகமென்றால் இன்னொரு மொக்கைக் கிள்ளுங்கள். பாதி போய்விடும் என்பதால் தாய் வரிசையில் விதையை இரண்டு மடங்கு நெருக்கமாகப் போடுங்கள்.

ஹைதராபாத் அருகே உள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் 1991-ல் ஐ.சி.பி.எச்.-8 என்ற கலப்பினத் துவரையைக் கொண்டுவந்தது. கோவையிலிருந்து 1994-ல் கோ.பி.எச்.-1, 1997-ல் கோ.பி.எச்.-2 வந்தன. விளைச்சலில் குறை இல்லை. இந்தப் பிடுங்கும் வேலைதான் அவற்றைப் பரவவிடவில்லை. மரபணுவைக் குறை சொல்லிப் பயனில்லை.

என் துவரை காய்க்கவில்லை. ஆண் மலடா?

என்ன ரகம், எப்போது விதைத்தீர்கள், பூ கொட்டியதா, பூவே வரவில்லையா? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் எப்படிச் சொல்வது? மொக்கை நசுக்கிப் பாருங்கள். தூள் வந்தால் மலடு இல்லை. பூச்சியையும் தண்ணீரையும் கவனியுங்கள்.

கலப்பினத் துவரையின் விதையை எடுத்து வைத்து அடுத்த வருடம் போடலாமா?

வேண்டாம். கலவையாக வரும். மரபணு ஆண் மலட்டுத் தாயிலிருந்து வந்த கலப்பினமென்றால் அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு பங்கு செடி ஆண் மலடாகவும் இருக்கும்.

பருத்தியில் இந்த முறை உண்டா?

உண்டு. கோவையில் உருவாகி 1978-ல் வந்த சுகுணா இப்படிப்பட்டதுதான். சாதாரணமாகச் சாயங்காலம் மொக்கிலிருந்து மகரந்தப் பைகளைக் கையால் நீக்கி, மறுநாள் காலை மகரந்தம் தடவ வேண்டும். மலட்டுத் தாய் இருந்தால் சாயங்கால வேலை மிச்சம். ஆனால் இங்கேயும் தாய் வரிசையில் பாதி வளமான செடிதான். பூத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

மரபணு மாற்றிய கடுகு டி.எம்.எச்.-11-இல் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு எதற்கு?

நல்ல கேள்வி. அதில் மலட்டுத்தன்மை பார்னேஸ் என்ற பாக்டீரிய மரபணுவால் வருகிறது. தகப்பனில் உள்ள பார்ஸ்டார் என்ற இன்னொரு மரபணு அதை அடக்கிவிடும். அங்கேயும் தாய் வரிசையில் பாதிதான் மலடு. களைக்கொல்லி தாங்கும் மரபணுவை மலட்டு மரபணுவோடு சேர்த்தே வைத்திருப்பதால், விதை வயலில் குளுஃபோசினேட் என்ற அந்தக் களைக்கொல்லியை அடித்தால் வளமான பாதி செத்துவிடும். ஆள் விட்டுப் பிடுங்கும் அதே வேலையை மருந்து செய்கிறது. சுற்றுச்சூழலில் வெளியிட 2022 அக்டோபரில் பரிந்துரை கிடைத்தது. அதை எதிர்த்த வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள்.

பாதிப் பாதி என்ற தொல்லையே இல்லாத முறை உண்டா?

நெல்லில் உண்டு. 1973-ல் சீனாவின் ஹுபெய் மாநிலத்தில் ஷி மிங்சோங் கண்டெடுத்த செடி நீண்ட பகலில் மலடாகவும் குறுகிய பகலில் வளமாகவும் இருந்தது. வெப்பத்தால் மாறும் வகைகளும் உண்டு: சூட்டில் மலடு, குளிரில் வளம். குளிர்ந்த மலைப்பகுதியில் தாயைப் பெருக்கி, சமவெளியின் சூட்டில் கலப்பின விதை எடுக்கலாம். பிடுங்கும் வேலை இல்லை. ஆனால் கதிர் உருவாகும் நாட்களில் திடீரென்று குளிர்ந்தால் தாய்ச் செடி தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துவிடும். அதனால் அந்த வயலிலும், கதிர் வெளிவரும் வாரத்தில், தினமும் நாலைந்து பூவை எடுத்து மகரந்தப் பையை நசுக்கிப் பாருங்கள்.